வெளியிடத்து வேலைக்கு ஏற்ற மரமும் மெருகும்



களனி கங்கையை அடுத்த கரவனெல்ல, ருவன்வெல்ல, எட்டியாந்தோட்டைப் பகுதிகள் ஈரவலயத்தைச் சேர்ந்தவை. ஈரவலயம் எனப்படுவது ஆண்டொன்றில் 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் நிலமாகும். உங்கள் நெல்லையும் மரக்கறியையும் வளர்ப்பது இம்மழையே. நீங்கள் நாட்டிய வேலிக்கட்டையையும், படலையையும், பந்தற்காலையும், கொட்டிலின் தூணையும் உக்கச் செய்வதும் இதே மழைதான். பாகலும் புடோலும் காய்த்துத் தொங்கும் நாளிற் பந்தற்கால் முறிந்தால், இழப்பு மரத்தின் விலையோடு நில்லாது; அந்தப் போகத்துக் காயும் மண்ணில் வீழ்ந்து அழுகும். வேலியில் ஒரு கட்டை சாய்ந்த இடத்தினூடாகக் காட்டுப்பன்றி புகுமாயின், ஓரிரவிற் பாத்தி முழுவதும் கிளறப்பட்டுவிடும்.

இவ்வாறு நட்டமடைந்தோர் பலர், அடுத்த முறை கட்டை நாட்டுமுன் கடைக்குச் சென்று பளபளப்பான வார்னிஷ் ஒரு தகரம் வாங்கி வருகின்றனர். மலிவான மரத்துக்கு விலையுயர்ந்த மெருகைப் பூசினால் மரம் உறுதி பெறும் என்பது அவர்களது எண்ணம். இது தவறான எண்ணமாகும். வெளியிடத்து வேலையில் மரத்தின் இனமும் வைரமுமே முதலில் நோக்கப்படுதல் வேண்டும்; மழைநீர் தங்காது வடியும் அமைப்பு அதற்கு அடுத்தது; மெருகு மூன்றாவதாகவே வரும். கைவசமுள்ள பணத்தை இவ்வொழுங்கிலேயே செலவிடுக.

மரம் உக்குதல்

மரத்தை உக்கச் செய்வது மழைநீர் அன்று. நீரினால் நனைந்த மரத்தில் வளரும் பூஞ்சணமே. இப்பூஞ்சணத்துக்கு ஈரமும் காற்றும் ஒருங்கே தேவை. முற்றாக உலர்ந்த மரத்தின் நிறை நூறு பங்கெனக் கொண்டால், அதிலுள்ள நீர் இருபது பங்குக்குக் குறைவாக இருக்கும்வரை அம்மரம் உக்குவதில்லை. உக்கி வீழ்ந்த வேலிக்கட்டை ஒன்றை எடுத்துப் பாருங்கள். மேற்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆழப் புதைந்த அடிநுனியும் பல வேளைகளில் உறுதியாக இருக்கும். நிலமட்டத்தை ஒட்டிய ஒரு சாண் அளவான பகுதியே கறுத்து, விரலால் நோண்டக்கூடியதாக இருக்கும். மேலே காற்று உண்டு, ஈரம் நில்லாது; ஆழத்தில் ஈரம் உண்டு, காற்றுக் குறைவு; நிலமட்டத்திலோ இரண்டும் எக்காலமும் உண்டு. ஆகையால் நிலமட்டத்தைப் பற்றிய கவலையே வேலி போடுவோனின் முதற் கவலையாதல் வேண்டும்.

கறையானும் இவ்விடத்திலேயே மரத்துள் ஏறுகின்றது. உலர்ந்த மரத்தைத் துளைத்து மாவாக்கும் வண்டுகள் வேறு. அவை வெளிமரத்திலுள்ள மாச்சத்தை நாடி வருவனவாகையால், வெளிமரம் நீக்கிய கட்டையில் அவற்றுக்கு வேலை மிகக் குறைவு.

மரத்தைத் தெரிதல்

எம்மரத்தை வாங்கினும் அதன் வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவே நிறம் ஆழ்ந்த பகுதி வைரம். அதைச் சூழ்ந்த வெளிறிய பகுதி வெளிமரம், தச்சர் வெள்ளை என்பது. தேக்கேயாயினும் பலாவேயாயினும், வெளிமரம் வெளியிடத்துக்கு உதவாது. இளந்தேக்கு வாங்கி ஏமாறுவோர் தேக்கைக் குறை கூறுகின்றனர். குறை இனத்திலன்று, வயதிலாம். இளமரத்தில் வைரம் சிறிதும் வெள்ளை பெரிதுமாகும்.

தேக்கின் வைரத்தில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசையும், பூஞ்சணத்தையும் கறையானையும் விலக்கும் பொருள்களும் உண்டு. வெயிலிலும் மழையிலும் வைத்தற்கு இதனிலும் ஏற்ற மரம் இங்கு அரிது. விலை ஒன்றே தடை. படலை, வாங்கு, யன்னற்சட்டம் முதலியவற்றுக்குச் சிறிதளவு தேக்கு வாங்குதல் தகும். வேலிக்கட்டைக்குத் தேக்கு வாங்குதல் வீண்செலவு.

சபரகமுவைக் கமக்காரனுக்குக் கைக்கெட்டிய நன்மரம் பலாவே. வெட்டும்போது மஞ்சளாக இருக்கும் இதன் வைரம் வெளிச்சம் பட்டுக் கபிலமாகும். கறையான் எளிதில் அணுகாது. உளிக்கும் வாளுக்கும் இணங்கும். கொட்டிலின் தூண், வளை, கதவு, படலை ஆகிய அனைத்துக்கும் ஏற்றது. ஆயினும் பலா முதலில் உணவு மரம் என்பதை மறத்தலாகாது. சென்ற நூற்றாண்டின் முற்பாதியிற் பாணந்துறை ஆர்தர் வி. டயஸ் என்பவர் நாடெங்கும் பலா நாட்டுவிக்க உழைத்து, ‘பலா மாமா’ என்று பொருள்படும் ‘கொஸ் மாமா’ என மக்களால் அழைக்கப்பட்டார். காய்க்கும் மரத்தை வேலிக்கட்டைக்காக வெட்டுதல் அறிவுடைமையன்று. காய்ப்பு ஓய்ந்த முதுமரத்தைத் தெரிக. வைரமும் அதிலேயே மிகுதி.

பலாவை வெட்டச் சட்டமும் உண்டு. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதற் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதிப்பத்திரமின்றி வெட்டுதல் குற்றமாகும். சொந்தக் காணியில் நின்ற மரமாயினும் அவ்வாறே. முதலிற் கிராம உத்தியோகத்தரைக் கண்டு, அவர் மூலம் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பித்தல் வேண்டும். வெட்டிய மரத்தை வண்டியிலேற்றி ஆலைக்குக் கொண்டு செல்லுமுன், அதற்குரிய அனுமதியையும் அங்கேயே கேட்டறிந்து பெற்றுக்கொள்க. இடைவழியில் மறிக்கப்பட்டு மரத்தையும் இழந்து தண்டமும் செலுத்துவதிலும் ஒரு நாள் அலைவது மேல்.

மில்லை, சமண்டலை, நாகமரம் ஆகியவையும் உறுதியானவை. சமண்டலை வளைந்து கொடுத்தும் முறியாத மரமாகையால் படகுக்கும் வண்டிக்கும் பெயர்பெற்றது. கருவிப் பிடிக்கு மிக நன்று. நாகமரத்தின் வைரம் நீரில் அமிழும் அளவு கனமானது. ஆணி இறங்காது, வாள் மழுங்கும். பழைய கட்டடத்திலிருந்து கழற்றிய துண்டு கிடைப்பின் விடாது வாங்குக. இம்மரங்களைக் காட்டில் தேடி வெட்டுதல் கூடாது. ஆற்றங்கரை மருதையும் வெட்டாதீர்கள். களனி கங்கை பெருகும் நாளிற் கரையைப் பிடித்து நிற்பது அதன் வேரே.

இனி, இறப்பர் மரம். மறுநடுகைக்காக அழிக்கப்படும் தோட்டங்களிலிருந்து இது மலிவாகவும் மிகுதியாகவும் கிடைக்கின்றது. 1876இல் கியூ பூங்காவிலிருந்து எனரத்கொடைக்கு வந்த கன்றுகளின் வழித்தோன்றல்கள் இன்று விறகாகவும் பலகையாகவும் உங்கள் வாயிலில் நிற்கின்றன. பார்வைக்கு நல்ல மரமே. ஆயின் இதற்கு வைரம் என்று தனியாக ஒன்று இல்லை, மாச்சத்தோ மிகுதி. வெட்டிச் சில நாட்களிலேயே நீலக்கறை படரும், வண்டு துளைக்கும். அறுத்தவுடன் போரிக்கமிலமும் வெண்காரமும் கலந்த கரைசல் ஏற்றி உலர்த்தினால் வீட்டினுள்ளே மேசை நாற்காலிக்குச் சிறந்ததாகும். அம்மருந்து நீரிற் கரைவது. மழையில் நின்றால் மெல்ல மெல்லக் கழுவப்பட்டுவிடும். எனவே மருந்திட்ட இறப்பர் மரமும் கூரைக்கு வெளியே வருதலாகாது. அல்பீசியா, மா, பஞ்சு முதலியவற்றைப் பற்றிக் கூறவேண்டியதில்லை; பெட்டி அடிக்கவும் அடுப்பெரிக்கவும் அவை போதும்.

தென்னையின் வெளிவட்டமும் கித்துளின் கறுத்த நார்ப்பகுதியும் வலிமையுடையவை; கூரையின் கீழ் நெடுநாள் உழைக்கும், மண்ணிற் புதைத்தால் உழைக்கமாட்டா. மூங்கிலைச் சில வாரங்கள் ஓடுநீரில் அமிழ்த்தி வைத்து, நிழலில் உலர்த்திப் பந்தலுக்குப் பயன்படுத்துக. நீரில் மாச்சத்துக் கரைந்துபோவதால் வண்டின் தொல்லை குறையும். பந்தற் கழிகளுக்கு மெருகு வேண்டாம். ஓரிரு போகத்துக்குப் பின் மாற்ற வேண்டிய பொருளுக்கு எண்ணெய் பூசுதல், சோற்றுப் பானைக்குப் பொன்முலாம் பூசுதல் போன்றது.

நிலத்தில் நாட்டும் வேலிக்கட்டைக்கு யாம் முதலாவதாகக் கூறுவது வெட்டிய மரமன்று, உயிருள்ள கதிகாலே. சீமைக்கிளுவைத் தடியை மழை தொடங்கும் காலத்தில் நாட்டினால் வேரூன்றிக் கொள்ளும். உயிருள்ள மரம் உக்குவதில்லை. அதன் தழை வயலுக்குப் பசளையுமாகும். கம்பி இழுத்துக் கட்டும் மூலைக்கட்டைகளை மாத்திரம் கொங்கிறீற்றினாலோ நல்ல வைரக்கட்டையினாலோ அமைத்தாற் போதும்.

அறுத்த பச்சைப் பலகையை உடனே வேலைக்கு எடுத்தலாகாது. நிலத்துக்கு மேல் ஓரடி உயரத்திற் கற்களை வைத்து, பலகைக்குப் பலகை ஓரங்குலக் குறுக்குச்சட்டம் இட்டு அடுக்கி, மேலே தகரம் மூடி, பக்கங்களிற் காற்று உலாவ விடுக. பலகையின் இரு தலைப்பிலும் பழைய வர்ணத்தைப் பூசினால் வெடிப்புக் குறையும். ஒரு சிறு துண்டைத் தனியே வெட்டி அடுக்கினுள் வைத்து, வாரந்தோறும் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். நிறை குறைவது நின்றதும் பலகை அவ்விடத்துக்கு ஏற்ப உலர்ந்துவிட்டதென அறியலாம். தேய்பிறையில் வெட்டிய மரம் உளுக்காது என்று முதிய தச்சர் கூறுவதுண்டு. அதை மறுக்க யாம் முற்படவில்லை. முறையாக உலர்த்தாத மரத்தை எப்பிறையும் காவாது என்று மாத்திரம் கூறுவோம்.

நீர் தங்காத அமைப்பு

கண்டிப் பகுதிப் பழங்குடிகள் நெற்களஞ்சியமாகக் கட்டிய ‘வீ பிஸ்ஸ’வைக் கண்டிருப்பீர்கள். கற்களின் மேல் மரச்சட்டம் கிடத்தி, அதன் மேல் கூடைபோற் பின்னி மண் பூசி, அகன்ற தாழ்வாரமுள்ள கூரை வேய்ந்திருப்பர். மரம் எங்கும் மண்ணைத் தொடாது. குருநாகல் மாவட்டத்துப் பனாவிட்டிய அம்பலமும் கற்களின் மேல் கிடத்திய உத்திரங்களில் எழுப்பிய மரக்கட்டடமே. பதுளை மாவட்டத்துப் போகொடை மரப்பாலத்தைக் கட்டியோர் ஓடையின் மேல் பாலம் அமைத்ததோடு நில்லாது, அப்பாலத்துக்கு ஓட்டுக் கூரையும் வேய்ந்தனர். அதனாலன்றோ அது நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கின்றது! கடைத்தகரம் எதையும் அறியாத அத்தச்சர்கள், மரத்தின் காலைக் கல்லிலும் தலையைக் கூரையிலும் வைத்துக் காத்தனர்.

உங்கள் கொட்டிலிலும் அவ்வாறே செய்யலாம். தூணைச் சீமெந்துக் குழியினுள் நாட்டாதீர்கள். உலரும் மரம் சுருங்க, அவ்விடைவெளியில் நீர் கிண்ணத்தில் நிற்பதுபோல் நிற்கும். நிலமட்டத்துக்கு மேல் ஒரு சாண் எழும் கல்லிலோ கொங்கிறீற்றுப் பாதத்திலோ இரும்புப் பட்டை பதித்து, தூணின் அடி பாதத்தைத் தொடாது விரலளவு இடைவெளி இருக்கப் பிணைத்திடுக. கட்டாயம் மண்ணில் நாட்டவேண்டிய கட்டையாயின், குழியைச் சரளைக்கல்லால் நிரப்பி, மேலே கட்டையிலிருந்து நீர் விலகிச் செல்லும்படி மண்ணைச் சரித்து விடுக. கட்டையின் அடியை நெருப்பிற் கருக்குதல் பழைய வழக்கம். கருகிய தோல் வெடிக்க, நீர் அதனூடாக உள்ளே புகுவதால் இதனால் அதிக பயன் இல்லை.

மரத்தின் நார்வழியே நீர் ஏறும் வேகம் பக்கவாட்டில் ஊறும் வேகத்தைப் போற் பன்மடங்கு. எனவே வெட்டுமுகம் எங்குண்டோ அங்கே காவல் வேண்டும். கட்டையின் தலையைச் சரிவாக வெட்டி, சிறு தகரத்துண்டால் மூடுக. படலையின் குறுக்குச் சட்டங்களின் மேல்விளிம்பையும் சரிவாகச் சீவுக. பொருத்துகளில் நீர் தேங்காது வெளியேற ஒரு துளை விடுக. துருப்பிடிக்காத நாகமுலாம் பூசிய ஆணியும் திருகாணியும் சில ரூபாவே கூடுதல். துருவேறிய ஆணியைச் சுற்றியே மரம் முதலிற் கறுத்து இளகும்.

தெளிமெருகு

மரத்தின் நிறமும் வரியும் தோன்றுமாறு பூசும் தெளிந்த மெருகு இருவகை. ஒன்று மரத்தின் மேல் தோல்போற் படிவது, வார்னிஷ் இவ்வகை. மற்றையது மரத்தினுள் ஊறுவது, எண்ணெய் இவ்வகை.

வார்னிஷ் ஏன் உரிகின்றது என்பதை அறிந்தாற் பாதிப் பணம் மிச்சம். வெயிலிலுள்ள ஊதாக்கடந்த கதிர், மரத்தின் நார்களைப் பிணைக்கும் ‘லிக்னின்’ என்னும் பொருளைச் சிதைப்பது. தெளிந்த வார்னிஷ் கண்ணாடி போன்றது. கதிரை உள்ளே விடும். கீழேயுள்ள மர மேற்பரப்பு பொடியாக, அதைப் பற்றியிருந்த வார்னிஷ் பிடியிழந்து செதில் செதிலாக எழும். நுண்ணிய வெடிப்பினூடாக உட்சென்ற மழைநீரோ வெளியேற வழியின்றித் தோலின் கீழ் நிற்கும். அப்போது மெருகு மரத்தைக் காப்பதை விட்டு, ஈரத்தை அடைத்து வைத்து உக்கச் செய்கின்றது. பளபளக்கும் கதவின் அடிச்சட்டம் உள்ளே பஞ்சாகிக் கிடப்பதன் காரணம் இதுவே. வர்ணம் கலந்த பூச்சு இதனிலும் நெடுநாள் நிற்பதற்குக் காரணம், அதிலுள்ள நிறத்தூள் கதிரை மறிப்பதேயாம்.

அரக்குப் பொலிஷ் நீர் பட்டால் வெளுக்கும். வீட்டினுள் மாத்திரம் பயன்படுத்துக. உள்வேலைக்கென விற்கும் பொலியூரேதேன் மெருகும் வெயிலில் நில்லாது. வார்னிஷே வேண்டுமென்போர், படகுக்கும் வெளியிடத்துக்கும் என்று குறிக்கப்பட்டதும் ஊதாக்கடந்த கதிரைத் தடுக்கும் மருந்து சேர்ந்ததுமான வகையைக் கேட்டு வாங்குக. முதற்பூச்சை ஐதாக்கி ஊறவிட்டு, பின்னர் மெல்லிய பூச்சுகள் நான்கேனும் இடுக. ஒவ்வொன்றுக்கும் இடையே நுண்ணிய மண்தாளால் உரைஞ்சுக. நேர்வெயில் படும் இடத்தில் ஆண்டுதோறும், உரியத் தொடங்குமுன், மேலும் ஒரு பூச்சு வேண்டும். உரிந்தபின் மேலே பூசிப் பயனில்லை. முழுவதையும் சுரண்டி வெறும் மரத்திலிருந்து தொடங்கவேண்டும். வயல்வேலை உள்ளோருக்கு அதற்கு எங்கே நேரம்? ஆகையால் தாழ்வாரத்தின் கீழுள்ள கதவுக்கும் யன்னலுக்கும் வார்னிஷ். மழையில் நிற்கும் படலைக்கும் வாங்குக்கும் எண்ணெய் என்பதே எமது கருத்து.

எண்ணெய் மெருகு பளபளக்காது. அதன் சிறப்பு உரியாமை. அது தேய்ந்து மங்கும்போது, சுரண்டாமலே கழுவி உலரவிட்டு மீண்டும் பூசலாம். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் எளிதிற் கிடைப்பது. காய்ச்சாத எண்ணெய் உலர நெடுநாள் எடுப்பதோடு, எம் ஈரக்காற்றிற் கரும்பூஞ்சணத்துக்கு உணவாகியும் விடும். ‘தேக்கு எண்ணெய்’ எனக் கடையில் விற்பது தேக்கிலிருந்து எடுத்ததன்று. பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெய் அல்லது துங் எண்ணெயுடன் சிறிது வார்னிஷ் கலந்ததே. வெளியிடத்துக்குரியதும் பூஞ்சணத் தடுப்பு மருந்தும் சிறிது நிறமும் சேர்ந்ததுமான எண்ணெய் கிடைப்பின், சிறிது விலை கூடினும் அதையே வாங்குக.

பூசுவதற்கு ஏற்ற காலம் தைப்பொங்கலை அடுத்த சனவரி, பெப்ரவரி மாதங்கள். மூன்று நான்கு நாட்கள் மழையின்றிக் காய்ந்த மரத்தில், காலைப்பனி நீங்கியபின், துணியால் மெல்லப் பூசுக. கால் மணி முதல் அரை மணி நேரம் ஊறவிட்டு, மேலே நிற்கும் எண்ணெயைத் துடைத்தெடுக்க மறவாதீர்கள். துடைக்காது விட்டது பிசினாகி ஒட்டும், தூசி படியும். ஒரு நாளோ இரு நாளோ உலர்ந்தபின் மீண்டும் பூசி, இவ்வாறு மும்முறை செய்க. வெட்டுமுகங்களுக்கு மாத்திரம், மேலும் குடியாது என்னும் அளவுவரை ஊட்டுக. அடுத்த ஆண்டு பூசவேண்டுமோ என அறிய, மரத்தில் நான்கு துளி நீர் தெளித்துப் பாருங்கள். நீர் முத்தாக நின்றால் எண்ணெய் உண்டு. மரம் குடித்துக் கறுத்தால் பூசும் காலம் வந்துவிட்டது.

இந்நாட்டுக்கே உரிய தெளிமெருகும் ஒன்றுண்டு. ஈரவலயக் காட்டுத் தொரண மரத்தின் எண்ணெயையும், ஹால் மரத்தின் குங்கிலியத்தையும் கொண்டு ஆக்கிய மெருகினாலேயே பழைய சித்திரகாரர் விகாரை ஓவியங்களைக் காத்தனர். அதுவும் கூரையின் கீழுள்ள வேலைக்கே உரியது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

ஒன்றும் பூசாது விட்டால் என்ன? தேக்கு, பலா வைரங்கள் வெயிலிற் சாம்பல் நிறமாகும். அது உக்கலன்று, தாள் கனமான மேற்படை நிறம் மாறுதலே. அமெரிக்காவில் மடிசன் நகரத்து வனப்பொருள் ஆய்வுகூடத்தார் கூறுவதன்படி, மூடாத மென்மரம் வெயில் மழையால் தேய்வது நூறாண்டில் ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் மாத்திரம்; வன்மரம் அதனிலும் குறைவு. நீர் தங்காது அமைத்த வைரப் படலைக்கு மெருகே இல்லாவிடினும் குறையில்லை. அழகுக்காக விரும்புவோர் பூசுக.

செய்யத்தகாதவை சில உள. உழவு இயந்திரத்திலிருந்து வடித்த கழிவெண்ணெயைக் கட்டைக்குப் பூசும் வழக்கம் எங்கும் காணப்படுகின்றது. அதிலுள்ள நச்சுப் பொருள்கள் மழையோடு கரைந்து, கீழே நிற்கும் கீரைக்கும் கிணற்றுக்கும் செல்லும். தார் எண்ணெயும் அவ்வாறே. செப்பு, குரோமியம், ஆசனிக்கு ஏற்றிய பச்சைநிறக் கம்பங்கள் பழைய பொருளாகக் கிடைப்பின், மரக்கறிப் பாத்தியின் ஓரத்தில் இடாதீர்கள்; அறுத்த தூளை மூச்சிழுக்காதீர்கள்; விறகாக எரிக்கவே வேண்டாம், அதன் சாம்பலும் நஞ்சு. அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டின் இறுதியோடு வீட்டுத் தேவைக்கான மரத்துக்கு அம்மருந்து ஏற்றுவது நிறுத்தப்பட்டது இதனாலேயே.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். எண்ணெய் உலரும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணியில் அச்சூடு வெளியேறாது பெருகி, யாரும் தீ மூட்டாமலே பற்றிக்கொள்ளும். வைக்கோல் அடுக்கிய கொட்டிலில் இவ்வாறு நேர்ந்தால் களஞ்சியத்து நெல்லும் மிஞ்சாது. வேலை முடிந்தவுடன் துணியை நீரில் நனைத்து, வெளியே கல்லின் மேல் ஒற்றையாக விரித்துக் காயவிட்டு, விறைத்து உலர்ந்தபின் புதைத்துவிடுக.